மவுஸ் அவர் கையிலேயே இருக்கட்டும்

போன ஞாயிறு எங்கள் லினக்ஸ் குழுவின் கூட்டத்துக்குப் புதிதாக ஒரு அம்மா வந்தார். லினக்ஸ் என்பது விண்டோஸ் போலக் கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள். கட்டபெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) பஸ் பிடித்து கோத்தகிரி வந்திருக்கிறார். கையில் துணிப்பை, அதற்குள் பழைய துண்டில் சுற்றிய லேப்டாப். மகன் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. அவன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய் வேறு ஒன்று வாங்கிக்கொண்டான், இது சில வருடங்களாகப் பீரோவின் மேல் கிடந்தது. மகளிர் சுயஉதவிக் குழுவில் இவர்தான் கணக்கு எழுதுகிறார். நோட்டில் எழுதுவதை இனி இதில் எழுத வேண்டும், அதுவும் தமிழில். அதற்காகத்தான் வந்திருந்தார்.

2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. பல வீடுகளில் அதை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த லேப்டாப்பில் 2 ஜிபி ரேம்தான். அதனால் லினக்ஸ் மின்ட்டில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டோம். போட்டோம் என்றால், அந்த அம்மாவே போட்டார். பென்டிரைவைச் செருகியதிலிருந்து ஊர், நேரம், பெயர் கொடுத்தது வரை எல்லாம் அவர் கைதான்.

தமிழ் விசைப்பலகை சேர்ப்பதற்கு டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் கருப்புத் திரையில், ஒரு வரி அடிக்க வேண்டியிருந்தது. அடித்தார். பாஸ்வேர்டு கேட்டது. முதல் எழுத்தை அழுத்தினார். திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது எழுத்து, அதற்கும் ஒன்றும் இல்லை. விரலை இன்னும் அழுத்தமாக வைத்தார். அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்களா என்று லேசாகத் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை.

அந்த ஒரு நிமிடம்தான் முக்கியம். லினக்ஸ் டெர்மினலில் பாஸ்வேர்டு அடித்தால் பெரும்பாலும் புள்ளியோ நட்சத்திரமோ வராது என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். புதிதாக வருபவருக்கு அப்படி இல்லை. கீபோர்டைக் கெடுத்துவிட்டோமோ, நமக்கு இதெல்லாம் வராதோ என்றுதான் தோன்றும். அதைக் கேட்காமலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த மாதம் வர மாட்டார்கள். ஏன் வரவில்லை என்று நமக்கும் தெரியாது.

பக்கத்தில் இருந்த தம்பி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுக்கக் கை நீட்டினான். நான் அவன் தோளைத் தொட்டேன். புரிந்துகொண்டான். கையை எடுத்துக்கொண்டு, "அம்மா, நீங்க அடிக்கறது உள்ளே போயிட்டுதான் இருக்குங்க. எத்தனை எழுத்துன்னு பக்கத்துல இருக்கறவங்க எண்ணிடக் கூடாதுன்னு மறைச்சு வெச்சிருக்காங்க. தப்பா அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது, மறுபடி கேட்கும்" என்றான். அவர் மெதுவாக அடித்து என்டர் தட்டினார். வரி வரியாக ஓட ஆரம்பித்தது. "அட, போயிருச்சே" என்று அவர் சொன்னபோது அந்த மேசையில் இருந்த எல்லோருமே சிரித்தோம்.

தோளைத் தொடும் பழக்கம் எனக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால், என் லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட பிறகு பிரின்டர் வேலை செய்யவில்லை. சமவெளியில் ஒரு லினக்ஸ் குழு கூடுகிறது என்று கேள்விப்பட்டு, விடியற்காலை பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறிப் போனேன். எந்தக் குழு என்பது இங்கே தேவையில்லை. அறையில் முப்பது பேர் இருந்தார்கள், நான் ஒருத்திதான் பெண். "கூட யாரும் வரலீங்களா?" என்று ஒருவர் கேட்டார். என் பிரச்சினையைப் பாதி சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் லேப்டாப்பை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கருப்புத் திரையில் என்னென்னவோ ஓடியது. ஐந்து நிமிடத்தில், "முடிஞ்சதுங்க, ரொம்ப சிம்பிள்" என்று திருப்பித் தந்தார். பிரின்டர் வேலை செய்தது. மூன்று வாரம் கழித்து ஒரு அப்டேட்டுக்குப் பிறகு மறுபடி நின்றுபோனது. அவர் என்ன செய்தார் என்று எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. திரும்ப அங்கே போகவும் மனம் வரவில்லை.

அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையை எனக்காகச் செலவழித்தவர்கள். உதவி செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும், மற்றது தானாக வரும் என்று நினைத்திருந்தார்கள். அது தானாக வராது. கற்றுக்கொள்ள வேண்டிய வேலை அது, நெட்வொர்க் அமைப்பதைக் கற்றுக்கொள்வது போல.

இங்கே குழு ஆரம்பித்தபோது, பழைய குழுக்கள் எப்படி நடந்தன என்று தேடிப் படித்தேன். 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவில், மென்லோ பார்க்கில், கார்டன் பிரெஞ்ச் என்பவரின் கார் நிறுத்தும் கொட்டகையில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் முதன்முதலாகக் கூடியது. பிற்பாடு ஆப்பிள் கம்ப்யூட்டரை உருவாக்கிய ஸ்டீவ் வாஸ்னியாக் அன்று வந்தவர்களில் ஒருவர். கூச்ச சுபாவம் உள்ளவர் அவர். அந்தக் கூட்டங்களைப் பின்னாளில் நடத்திய லீ ஃபெல்சன்ஸ்டைன் ஒரு முறை வைத்திருந்தார். முதல் பகுதியில் ஒவ்வொருவரும் தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் பகுதியில் எல்லோரும் எழுந்து, தனக்கு வேண்டியவரைத் தேடிப் போய்ப் பேசிக்கொள்ளலாம். யாரிடம் போவது என்று தெரியாமல் சுவரோரம் நிற்க வேண்டியதில்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஒரு மாற்றம் மட்டும் செய்தோம். அனுபவசாலிகள்தான் முதலில் பேச வேண்டும், அதுவும் தங்களுக்கு வராததைச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்யும் ஒரு இன்ஜினியர் எங்களோடு இருக்கிறார். "என் ப்ளூடூத் ஹெட்போன் பதினைஞ்சு நாளா கனெக்ட் ஆக மாட்டேங்குது" என்று அவர் தொடங்கினால், அடுத்து பேசும் புதியவரின் குரல் தானாகக் கொஞ்சம் கூடும். நான் கவனித்திருக்கிறேன்.

சில வார்த்தைகளையும் விட்டுவிட்டோம். 'சிம்பிள்', 'ஈஸி' இரண்டும் வேண்டாம். எளிது என்று நாம் சொன்ன பிறகும் ஒருவருக்கு அது வரவில்லை என்றால், அவர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்? "புரிஞ்சுதா?" என்றும் கேட்பதில்லை. நம் ஊரில் அதற்கு ஒரே பதில்தான், "புரிஞ்சுதுங்க". அதற்குப் பதிலாக, "இன்னொரு தடவை நீங்களே செய்ங்க, நான் பார்க்கறேன்" என்கிறோம். பின்னால் நின்று எட்டிப் பார்த்துச் சொல்வதும் கூடாது, நாற்காலி போட்டு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். எந்த லினக்ஸ் நல்லது, டெபியனா ஆர்ச்சா என்ற சண்டை டீயும் வர்க்கியும் வரும் நேரத்துக்கு, வராந்தாவில்.

மொழி விஷயத்தில் ஒருமுறை மனத்தாங்கல் வந்தது. படுகர்கள் சிலர் தங்களுக்குள் படுக மொழியில் விளக்கிக்கொண்டிருந்தபோது, "எல்லோருக்கும் புரியற மாதிரி தமிழில் பேசுங்க" என்றார் ஒருவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் தடவை கேட்பவருக்கு அவர் வீட்டில் பேசும் மொழியில் சொல்வதுதான் சரி. அப்புறம் மற்றவர்களுக்காகத் தமிழில் ஒரு முறை சொல்லிவிட்டால் போகிறது. ஃபைலா கோப்பா என்ற கேள்விக்கும் இதே பதில்தான், வந்தவர் எந்த வார்த்தையோடு வந்தாரோ அதுவே இருக்கட்டும். அந்த அம்மா தன் நோட்டில் டெர்மினலுக்கு 'கருப்பு ஜன்னல்' என்று எழுதியிருக்கிறார். இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் போட்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து சிறுவனாக இங்கே வந்த ஒரு ஐயா இருக்கிறார். வாழ்நாள் முழுக்கத் தோட்ட வேலை. கப்பல் ஏறியதிலிருந்து எல்லாவற்றையும் எழுதி வைக்க ஆசை. அவருக்கு ஆங்கில எழுத்து வழியாகத் தமிழ் அடிக்கும் முறை சரிப்படவில்லை. 1999-ல் தமிழ்நாடு அரசு அங்கீகரித்த தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைக் காட்டினோம். இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய் வரிசை. அ தட்டினார். ம தட்டினார். மறுபடி ம தட்டியதும் முதல் ம-வின் தலையில் புள்ளி தானாக விழுந்தது. கடைசியில் ஆ. நான்கே தட்டலில் திரையில் 'அம்மா'. "புள்ளி நான் வைக்கலியே பாப்பா, அதுவா வந்துடுச்சு!" என்றார். அதை அழித்துவிட்டு மறுபடி அடித்தார். அன்று அந்த ஒரு வார்த்தையை எத்தனை முறை அடித்தார் என்று நான் எண்ணவில்லை. இப்போது பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்.

கூட்ட நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், மலையில் அது சின்ன விஷயம் இல்லை. முதலில் மாலை நான்கு மணிக்குக் கூடினோம். ஐந்தரைக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். பஸ் போய்விடுமே என்று பெண்கள் பாதியில் எழுந்து போவார்கள், அப்புறம் வராமலே இருந்துவிடுவார்கள். காலை பத்தரைக்கு மாற்றினோம். ஞாயிறு தோட்டங்களுக்கு விடுமுறை, சாமான் வாங்க எப்படியும் டவுனுக்கு வருவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்து ரோட்டில் மண் சரிந்தால் கூட்டம் கிடையாது, முதல் நாளே எல்லோருக்கும் போன் செய்துவிடுவோம்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபின் கூட்டம் கூடியிருக்கிறது. நன்றாக ஓடும் லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லாததால் விண்டோஸ் 11 போட முடியாது, புதிதாக வாங்குங்கள் என்று சொல்லப்பட்டவர்கள். அப்படி வந்தவர்தான் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் மாமா. தொழிற்சாலைக்கு அனுப்பும் பச்சைத் தேயிலை எத்தனை கிலோ, ஈரத்துக்கு என்று கழித்தது எவ்வளவு, அந்த மாத விலை என்ன என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். லிப்ரெஆபிஸ் கால்க் என்ற இலவச ஸ்ப்ரெட்ஷீட்டில் (கணக்கு அட்டவணை) அதையே கட்டம் கட்டமாகப் போட்டோம். சமக்குறி போட்டு, கிலோவிலிருந்து கழிவைக் கழிக்கச் சொன்னோம். விடை வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கு மேல கிலோவை மாத்தினா இதுவும் மாறுமா?" என்று கேட்டார். மாற்றிப் பாருங்கள் என்றோம். மாறியது. அவ்வளவுதான், அவருக்கு ஸ்ப்ரெட்ஷீட் வந்துவிட்டது.

போன ஞாயிறு அந்த அம்மாவுக்குக் கால்க் காட்டியது அந்த மாமாதான். நானோ இன்ஜினியரோ சொல்லியிருந்தால் மூன்று படிகளைத் தாண்டிப் போயிருப்போம். அவருக்குத் தான் தடுக்கி விழுந்த இடங்கள் எல்லாம் இன்னும் நினைவில் இருக்கின்றன. "இங்க சமக்குறி போட மறந்தீங்கன்னா வெறும் எழுத்தா நிக்கும், நானும் அப்படித்தான் போட்டேன்" என்று சொல்லிக்கொடுத்தார். கை இரண்டையும் ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்.

ஒன்றேகால் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அடுத்த முறை தன் குழுவிலிருந்து இன்னும் இரண்டு பேரை அழைத்து வரலாமா என்று அந்த அம்மா கேட்டார். வாருங்கள் என்றேன். அந்த அறையில் பிளக் பாயின்ட் இரண்டுதான் இருக்கிறது. அதற்குள் நீளமான வயரோடு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கியாக வேண்டும்.