அவன் செய்தவன்தான்

நாங்கள் கடலூர் வண்டிப்பாளையத்துக்காரர்கள். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரிந்துவிடும். நீற்றறை, நஞ்சு, யானை எதற்கும் சாகாதவரைக் கடலில் போட, கல் மிதந்து அவர் கரைசேர்ந்த இடம்தான் கரையேறவிட்டகுப்பம். சித்திரையில் அங்கே விழா நடக்கும். அரசன் விதித்த மரண தண்டனையிலிருந்து ஒருவர் தப்பி வந்ததைத்தான் கொண்டாடுகிறோம் என்பது ‘டெட் மேன் வாக்கிங்’ படம் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் அப்பர் ஒரு குற்றமும் செய்யாதவர். கோவலனும் அப்படியே. நம் சினிமாவிலும் தூக்குமேடைக்குப் போகிறவன் பெரும்பாலும் நிரபராதிதான், கடைசி நிமிடத்தில் யாராவது ஓடிவந்து உண்மையைச் சொல்லிவிடுவார்கள். நிரபராதிக்காக அழ யாருக்கும் முடியும். டிம் ராபின்ஸ் 1995-இல் எடுத்த இந்தப் படத்தின் மரண தண்டனைக் கைதி மாத்யூ செய்தவன்தான். லூசியானாவில் இளம் காதலர் இருவரைக் கொன்ற வழக்கு. கூட்டாளிதான் கொன்றான் என்று படம் முழுக்கச் சாதிக்கிறான். வாயைத் திறந்தால் இனவெறி. ஷான் பென் அவனை நாம் விரும்பும்படி நடிக்கவே இல்லை, அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

இவனுக்குத் துணையாக வருகிறவர் சிஸ்டர் ஹெலன் ப்ரெஷான். நிஜத்தில் இருக்கும் கன்னியாஸ்திரீ. 1984-இல் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்ட இரண்டு கைதிகளுக்குக் கடைசிவரை துணை நின்றவர். அந்த இருவரையும் சேர்த்துச் செய்த பாத்திரம்தான் மாத்யூ. படத்தில் நாற்காலி இல்லை, விஷ ஊசி. வெள்ளைத் துணி, சுத்தமான அறை, நேரம் பார்த்துச் செய்யும் ஊழியர்கள். எனக்கு அதுதான் அதிகம் நடுக்கம் தந்தது.

அத்தையும் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டு வந்தேன். சிஸ்டர் சிறைக்குள் போனதுமே அவருக்குக் கோபம். “செத்த பொண்ணோட ஆத்தா வூட்டுக்குப் போனாளா இவ? அங்கதான மொதல்ல போவணும்?” கொஞ்ச நேரத்தில் கொல்லப்பட்ட பையனின் அப்பா சிஸ்டரிடம் அதையே கேட்கிறார். அப்புறம்தான் சிஸ்டர் அந்த வீடுகளுக்குப் போகிறார். பெண்ணைப் பறிகொடுத்தவர்கள், தங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்து மகளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்கிறார்கள். சிஸ்டர் மாத்யூவையும் கைவிடவில்லை என்று தெரிந்ததும் வெளியே போகச் சொல்லிவிடுகிறார்கள். சிஸ்டராக நடித்த சூசன் சரண்டனுக்கு இந்தப் படத்துக்குத்தான் ஆஸ்கார் கிடைத்தது. அந்த வீட்டில் பதில் சொல்ல முடியாமல் அவர் உட்கார்ந்திருக்கும் முகத்துக்கே கொடுத்திருக்கலாம்.

சிஸ்டர் அவனிடமும் மழுப்பவில்லை. பொய்யோடு சாக விடமாட்டேன் என்று பிடியாக நிற்கிறார். பையனைச் சுட்டது தான்தான், பெண்ணைச் சீரழித்ததும் தான்தான் என்று சாவதற்குச் சற்று முன்னால் அழுதுகொண்டே சொல்கிறான். அதற்குப் பிறகுதான், கடைசியாக நீ பார்ப்பது அன்பான ஒரு முகமாக இருக்கட்டும், என்னைப் பார் என்கிறார். ஊசி ஏறும்போது ராபின்ஸ் அந்தக் கொலையையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். அவனுக்காக நெஞ்சு இளகும் நேரத்தில் அந்தப் பிள்ளைகளை நம்மால் மறக்க முடியாது.

அத்தை மாறவில்லை. அவர் பக்கம் வள்ளுவரே இருக்கிறார்: கொலைகாரரை அரசன் ஒறுப்பது பயிருக்குக் களையெடுப்பது போல என்கிறார். மறுநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, “அடக்கத்துக்குப் பையனோட அப்பா வந்தாரே, அவரு பொண்டாட்டி எங்க?” என்று கேட்டார். மகன் போன பிறகு அவர்களும் பிரிந்துவிட்டார்கள் என்றேன். “ஐயோ” என்றவர் வேறெதுவும் சொல்லவில்லை.

ராஜீவ் கொலை வழக்கில் நளினியின் தூக்கு 2000-இல் ஆயுளாகக் குறைந்தது. அதற்காகக் கேட்டுக்கொண்டவர்களில் சோனியா காந்தியும் ஒருவர். 2008-இல் பிரியங்கா வேலூர் சிறைக்கே போய் நளினியைப் பார்த்தார். அப்பாவைப் பறிகொடுத்த மகள் அந்த வாசலைத் தாண்டியதை நான் இன்றும் பெரிதாக நினைக்கிறேன்.

2020 மார்ச்சில் டெல்லி நிர்பயா வழக்கில் திகார் சிறையில் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். அவர்கள் செய்தவர்கள்தான். அவர்களுக்கும் தூக்கு வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் அதை அந்தப் பெண்ணின் அம்மா எதிரில் உட்கார்ந்து, அவர் சொல்வதையெல்லாம் கேட்ட பிறகு, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் எனக்கு வரவேண்டும்.