மே மாத சுவிட்சர்லாந்து: பெயரைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள்

ஏப்ரல் கடைசியில் இங்கே பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் உட்காருவார்கள். ஏறக்குறைய அதே வாரம் சுவிஸ் மலையூர்களில் பனிச்சறுக்கு சீசன் முடிந்து பாதிப் பேர் கடையைக் கட்டுவார்கள். அங்கிருந்து ஜூன் நடுப்பகுதி வரை ஓர் இடைக்காலம். சென்னையிலிருந்து குடும்பத்தோடு போகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் காலத்தில்தான் போகிறார்கள். கத்திரி வெயிலுக்கும் பள்ளி விடுமுறைக்கும் வேறு மாதம் பொருந்தாது. தாராளமாகப் போகலாம். ஜூலையில் எடுத்த படங்களை யூடியூபில் பார்த்துவிட்டு மே மாதத்துக்குத் திட்டம் போடுவதுதான் தவறு. மற்ற மாதங்களில் ஊர்ப்பெயரை வைத்துத் திட்டம் போடலாம். மே மாதத்தில் ஊரின் உயரத்தை வைத்துத்தான் போட வேண்டும்.

ஏன் மூடுகிறார்கள்? குளிர்காலம் முழுக்க ஓடிய கேபிள் காருக்கு வருடாந்தரப் பராமரிப்பு பார்க்க வேண்டும். கம்பிவடத்தைச் சோதிப்பது, கேபின்களைக் கழற்றி வடத்தைப் பற்றும் கவ்விகளைப் பரிசோதிப்பது, தூண்களின் உருளைகளை மாற்றுவது எல்லாம் வண்டி ஓடும்போது செய்ய முடியாத வேலைகள். கூட்டம் குறைவான வாரங்களில் மூடிவிட்டுச் செய்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் ‘ரெவிஷன்’ என்று போட்டிருந்தால் இதுதான். டிசம்பர் முதல் லீவு எடுக்காத ஹோட்டல் ஊழியர்களும் இப்போதுதான் ஊருக்குப் போவார்கள். அதனால் வெங்கன், மியூரன் போன்ற சின்ன ஊர்களில் பல ஹோட்டல்களும் உணவகங்களும் சில வாரங்கள் பூட்டியே கிடக்கும். இன்டர்லாக்கன், லூசெர்ன் போன்ற கீழ்நில ஊர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

இனி உயரக் கணக்கு. தோராயமாக, மே தொடக்கத்தில் 1,800 மீட்டருக்கு மேல் நடைபாதைகள் பனிக்குள் கிடக்கும். மாதக் கடைசியில் அந்தக் கோடு 2,100, 2,200 வரை ஏறும். வடக்குப் பார்த்த சரிவுகளில் இன்னும் இரண்டு மூன்று வாரம் தாமதம். இந்தக் கணக்கை வைத்துப் பட்டியலைச் சரிபாருங்கள். கிரிண்டல்வால்டுக்கு மேலே இருக்கும் பாக்ஆல்ப்சே ஏரி 2,265 மீட்டரில் இருக்கிறது; மே மாதத்தில் அது ஏரியாகத் தெரியாது, வெள்ளைத் தரையாகத்தான் தெரியும். மேட்டர்ஹார்ன் மலை தலைகீழாகத் தெரியும் அந்தப் பிரபலமான படத்துக்கு உரிய ரிஃபெல்சே ஏரி 2,757 மீட்டரில் இருக்கிறது. அங்கே பிம்பம் பார்க்கக் கோடை பிறக்க வேண்டும். அந்த மலையடி ஊரான செர்மாட்டின் ஐந்து ஏரி நடையும் அப்படித்தான். ஷினிகெ பிளாட்டெ பல்சக்கர ரயில், பிரியன்ஸ் ரோட்ஹார்ன் நீராவி ரயில் இரண்டும் கோடை வண்டிகள். ஜூனுக்கு முன் எதிர்பார்க்க வேண்டாம். ஃபுர்க்கா, கிரிம்செல், சுஸ்டன் கணவாய்ச் சாலைகள் மே கடைசி அல்லது ஜூனில்தான் திறக்கும். காரை வாடகைக்கு எடுத்துவிட்டு அங்கே போய் முட்டி நிற்காதீர்கள்.

அப்படியானால் மே மாதத்தில் எதை நம்பலாம்? ஆண்டு முழுக்க ஓடும் ரயில்களை. யுங்ஃபிராவ்யோக் (3,454 மீட்டர்) 1912 முதல் இயங்குகிற ரயில் நிலையம். மே மாதத்திலும் அங்கே பனி நிச்சயம். ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறான ஆலெட்ச் கண்முன்னே விரியும். செர்மாட்டில் 1898இல் திறந்த கோர்னர்கிராட் ரயில் 33 நிமிடத்தில் 3,089 மீட்டருக்கு ஏற்றிவிடும். அதையும் தாண்டி, 3,883 மீட்டரில் இருக்கும் மேட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸில் ஆண்டு முழுக்கப் பனிச்சறுக்கு நடக்கிறது. எங்கல்பெர்க்கின் டிட்லிஸ் மலை கேபிள் காரைப் பராமரிப்புக்காக வழக்கமாக நவம்பரில் மூடுவதால் மே மாதத்துக்குப் பாதகமில்லை. இதற்கு மாறாக வெங்கனிலிருந்து மேன்லிஷன் போகும் கேபிள் கார் போன்றவை மே பெரும்பகுதி மூடியிருக்கும். லாட்டர்புருனனிலிருந்து மியூரன் போகும் வழியில் கிரூட்ஷ்ஆல்ப் கேபிள் கார் பராமரிப்பில் இருந்தால் ஷ்டெக்கல்பெர்க் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டிவரும், நேரம் கூடும். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் ‘இயக்க நாட்கள்’ பக்கத்தைத் தேதியோடு பாருங்கள். டூர் ஏஜென்ட் கையில் கொடுக்கும் பட்டியல் பல நேரம் போன கோடையில் அச்சடித்ததாக இருக்கும். “எந்தெந்த கேபிள் கார் நாங்கள் போகும் தேதியில் ஓடுகிறது?” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்ட பிறகுதான் பலருக்கே தெரியவரும்.

எந்த ஊரில் தங்குவது என்றால், மே மாதத்துக்கு என் ஓட்டு லாட்டர்புருனனுக்குத்தான். ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். பனி போய்விட்டிருக்கும், புல்வெளியில் மஞ்சள் டான்டெலியன் பூத்துக் கிடக்கும். முக்கியமாக, மேலே உருகுகிற பனி அத்தனையும் இந்தப் பள்ளத்தாக்கில்தான் வந்து விழும். 297 மீட்டர் உயர ஷ்டாவ்பாக் அருவி ஆகஸ்டில் மெலிந்த நூலாகிவிடும். மே, ஜூனில் காற்றோடு சேர்ந்து திரையாக ஆடும். அரை முதல் முக்கால் மணி நேர நடையில், அல்லது பஸ்ஸில் சில நிமிடங்களில், ட்ரூமெல்பாக். மலைக்குள்ளேயே பத்து அருவிகள், பனியாறுகளின் உருகுநீர். உச்சத்தில் வினாடிக்கு 20,000 லிட்டர் வரை ஓடும். உள்ளே லிஃப்ட் உண்டு, ஆனால் இறங்கிய பிறகு ஈரப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். சாரல் தெறிக்கும், சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை விடமாட்டார்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் வாசலில் பிரிந்து நிற்கத் தயாராகப் போங்கள்.

அருகிலேயே மழைநாளுக்கும் குறைந்த உயரத்துக்கும் வேறு இடங்கள் உண்டு: மைரிங்கனில் ஆரே ஆற்றுப் பிளவு, பிரியன்ஸ் ஏரிப் படகு, கீஸ்பாக் அருவி, இன்டர்லாக்கனிலிருந்து பத்து நிமிட ஃபனிகுலர் (சரிவில் கம்பிவடம் இழுக்கும் ரயில்) ஏறினால் 1,322 மீட்டரில் ஹார்டர் குல்ம். இவை எல்லாம் மே மாதத்தில் முழு அழகில் இருக்கும். செர்மாட்டுக்கு இரண்டு இரவு போதும். அங்கே கார் போகாது. டேஷ் வரை காரில் போய் 12 நிமிட ரயிலில் ஏற வேண்டும். வானம் தெளிந்தால் கோர்னர்கிராட், மற்றபடி ஊரைச் சுற்றலாம். மே மாதத்தில் அதற்கு மேல் அங்கே பெரிதாக வேலை இல்லை.

நடக்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மஞ்சள் பலகை சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதை. வெள்ளை-நீல-வெள்ளை என்றால் நமக்கு இல்லை, திரும்பிவிடுங்கள். பனி படர்ந்த சரிவைக் குறுக்கே கடக்கும் பாதை காலையில் இறுகி வழுக்கும். மதியத்துக்கு மேல் வெயிலில் இளகி, மேலிருந்து ஈரப்பனி சரிந்து வரும். ஓடைமேல் கூரைபோல் நிற்கும் பனி அடியில் உருகி மெலிந்திருக்கும், காலை வைத்தால் உள்ளே போகும். பாதையின் குறுக்கே தடுப்பு வைத்திருந்தால் தாண்டிப் போகாதீர்கள். “நாலு பேர் போன காலடி இருக்கிறதே” என்ற நம்ம ஊர் நியாயம் அங்கே செல்லாது.

வானிலைதான் செலவைத் தீர்மானிக்கும். யுங்ஃபிராவ்யோக் போக இன்டர்லாக்கனிலிருந்து முழுக்கட்டணம் ஒருவருக்கு இருநூறு ஃபிராங்குக்கு மேல். ஒரு ஃபிராங்க் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. மேகத்துக்குள் போய் நின்று வெள்ளைச் சுவரைப் பார்க்கக் கொடுக்கும் பணமா இது? சென்னையிலேயே தேதி குறித்து வாங்காமல், அந்தப் பகுதியில் மூன்று நாளாவது தங்கி, முந்தின இரவு சுவிஸ் வானிலைத்துறையின் செயலியைப் பார்த்து, காலை ஆறரைக்கு மலையுச்சி வெப்கேமராவைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்லா உச்சிகளிலும் நேரலைக் கேமரா உண்டு, இலவசம். இருக்கை முன்பதிவு கட்டாயமான நாட்கள் இருப்பதால் முந்தின இரவே இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஃபோன் என்கிற தெற்குக் காற்று பலமாக வீசினால் வானம் பளிச்சென்று இருந்தும் கேபிள் கார் ஓடாது. அன்றைக்குப் பல்சக்கர ரயில்தான் துணை. இன்டர்லாக்கனில் விடாமல் மழை என்றால் ஷ்பீட்ஸ் வழியாக லோட்ஷ்பெர்க் சுரங்கத்தைத் தாண்டி ஃபிஷ்ப் பக்கம் போய்ப் பாருங்கள். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் வலே மாநிலம், ஆல்ப்ஸுக்குள் மழைமறைவுப் பகுதி; பல நாட்களில் அங்கே வெயில் அடிக்கும்.

டிக்கெட் பாஸ் விஷயத்தில் எல்லோரும் சுவிஸ் டிராவல் பாஸை வாங்கிவிடுகிறார்கள். தினம் ஒரு ஊர் மாறுகிறவர்களுக்கு அது சரி: ரயில், பஸ், படகு எல்லாம் சேர்த்தி, வெங்கன், மியூரன், கிரிண்டல்வால்டு வரை இலவசம். ஆனால் அதற்கு மேல் யுங்ஃபிராவ்யோக்குக்கு 25 சதவீதம்தான் தள்ளுபடி. கோர்னர்கிராட், டிட்லிஸுக்கு 50. ஒரே பள்ளத்தாக்கில் உட்கார்ந்து ஓரிரு உச்சிக்கு மட்டும் போகிறவர்களுக்குப் பாதிக் கட்டண அட்டையே மலிவாக முடியும். யுங்ஃபிராவ்யோக்குக்கும் பாதி விலை. பல உச்சிகள் மூடியிருக்கும் மே மாதத்தில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஆறு முதல் பதினைந்து வயதுள்ள பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு கேட்டு வாங்குங்கள், பெற்றோரோடு இலவசம். ஹோட்டல் தரும் விருந்தினர் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். இரவுக்கு இவ்வளவு என்று நீங்கள் கட்டும் சுற்றுலா வரிக்கு ஈடாக வருவது அது. இன்டர்லாக்கனில் உள்ளூர் பஸ் அதிலேயே அடங்கும்.

விசா: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குள் என்றால் எடுக்கமாட்டார்கள். மார்ச், ஏப்ரலில் விசா விண்ணப்பங்களை வாங்கும் சென்னை விஎஃப்எஸ் மையத்தில் நேரம் கிடைப்பது திண்டாட்டம், ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 நிறையாத பிள்ளைகளுக்கு 45. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வாங்கியதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகக் கூடியதாகவும் இருக்க வேண்டும். பாரிஸையும் சேர்த்துப் போகிறீர்களா? அதிக இரவு தங்கும் நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஹோட்டலை ரத்து செய்யக்கூடிய கட்டணத்திலேயே பதிவு செய்யுங்கள். 2026இல் மே 14, மே 25, 2027இல் மே 6, மே 17 அங்கே பண்டிகை விடுமுறை. அந்த வார இறுதிகளில் உள்ளூர்க்காரர்களே மலைக்குக் கிளம்புவதால் இடைக்கால மலிவு விலை காணாமல் போகும்.

உடைக்கு ஒரு கணக்கு: ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி குறையும். இன்டர்லாக்கனில் 18 இருந்தால் யுங்ஃபிராவ்யோக்கில் பூஜ்ஜியத்தை ஒட்டி, காற்று அடித்தால் இன்னும் கீழே. டி நகரில் வாங்கிய ஒற்றைத் தடித்த ஜாக்கெட்டைவிட உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ், மேலே மழைக்கோட்டு என்று மூன்று அடுக்கு உதவும். கூலிங் கிளாஸ் அலங்காரத்துக்கு அல்ல, பனியில் படும் வெயில் கண்ணை எரித்துவிடும். தேய்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூ வேண்டாம். மேலே இறங்கியதும் பிள்ளைகள் ஓடத் தொடங்குவார்கள், பிடித்து நிறுத்துங்கள். 3,400 மீட்டரில் தலைசுற்றும்.

சாப்பாடு. இடைக்காலத்தில் உணவகங்கள் குறைவு என்பதால் சமையலறையோடு கூடிய வாடகை வீடு எடுப்பது புத்திசாலித்தனம். கடைசிச் சுத்தம் செய்யும் கட்டணம், படுக்கை விரிப்புக் கட்டணம் தனியாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் நம் அலுமினிய குக்கர் சூடே ஏறாது. அடிப்பாகம் இரும்பு கலந்த இரண்டு லிட்டர் ஸ்டீல் குக்கர் கொண்டுபோங்கள். செர்மாட் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் வைக்கும் சாதம் நேரம் எடுக்கும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை அலாரம் அலறும். பால் இனிப்பு, நெய், பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் பெட்டியில் வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் போதும். தயிர் மிக்ரோஸ், கோப் என்ற சூப்பர்மார்க்கெட்டுகளில் நன்றாகவே கிடைக்கும். ஊர்க் கடைகள் மாலை ஆறரை, ஏழுக்கே சாத்தும், ஞாயிறு பெரும்பாலும் அடைப்பு; சனிக்கிழமை மதியத்துக்குள் வாங்கிவிட வேண்டும், தவறினால் பெரிய ரயில் நிலையக் கடைதான். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். மெல்லிய இரண்டு உருளை முள் உள்ள செல்போன் சார்ஜர் அப்படியே செருகும். லேப்டாப்பின் தடித்த மூன்று முள்ளுக்கு அடாப்டர் தேவை, அதை ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே வாங்கிவிடுங்கள், அங்கே போய் வாங்கினால் விலை பல மடங்கு.