ஊசிக் கூடத்து நாட்குறிப்பு: கீழத்தெரு அம்மாளின் அக்கி

5 ஜனவரி 2025, ஞாயிறு

குடமுருட்டிக் கரையில், பாபநாசத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில், பழைய நெல் மண்டியின் முன்கூடத்தில் நடக்கும் எங்கள் அக்குபங்சர் கூடத்துக்கு இன்று பதினெட்டுப் பேர் வந்தார்கள். எட்டுச் சாய்வு நாற்காலிகள், வாசலில் ஒரு மர உண்டியல். முடிந்ததைப் போடலாம், போடாமலும் போகலாம். ஒரே கூடத்தில் பலரை உட்காரவைத்துக் குறைந்த செலவில் ஊசி வைக்கும் இந்த ஏற்பாடு 2002இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் தொடங்கியதன் வழி வந்தது என்றாலும், வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டி ஊர்க்கதை பேசுவதற்கு எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக வந்தவர் கீழத்தெரு அம்மாள். வயது அறுபத்து நான்கு. நடவும் களையெடுப்புமாக வாழ்நாளைக் கழித்தவர். சர்க்கரைக்கான மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் வீட்டுக்கே வருகிறது. இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுவரை மூன்று நாளாக எரிகிறது என்றார். "வாயுப் பிடிப்புத்தான் தாயி, ரெண்டு ஊசி குத்தி எடுத்துவுடு" என்று நாற்காலியில் சாய்ந்தும்விட்டார். தோலில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் உள்ளங்கையால் அழுத்தியபோது பொறுத்துக்கொண்டவர், பஞ்சால் மேலாகத் தடவியதும் பல்லைக் கடித்தார். ரவிக்கைத் துணி படுவதே தாங்கவில்லையாம்.

ஊசி வைக்கவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு இடது மார்பில் வலி என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதயத்தை. ஆகவே மகனின் வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு ஈசிஜி எடுக்க அனுப்பினேன். இன்னொரு காரணத்தை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற விலா வலியோடு வந்த ஓட்டுநர் ஒருவருக்குத் தசைப்பிடிப்பு என்று எண்ணி இரண்டு முறை ஊசி வைத்தேன். மூன்றாம் நாள் அதே இடத்தில் கொப்பளங்கள் கிளம்பின. ஊசி பட்டுப் புண்ணாகிவிட்டது என்று அவர் நம்பினார். கோபத்தில் ஒரு வாரம் எவரிடமும் காட்டாமல் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். அக்கி வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே வலி வந்துவிடும் என்பதைப் படித்திருந்தும் எனக்கு அன்று அது நினைவுக்கு வரவில்லை.

இரவு எட்டு மணிக்கு மகன் கூப்பிட்டார், ஈசிஜியில் குறையில்லை. காலையும் மாலையும் வெளிச்சத்தில் முதுகைப் பாருங்கள், சிறு தடிப்பு தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள் என்றேன்.

7 ஜனவரி, செவ்வாய்

விடிந்ததும் மருமகள் அழைத்தாள். போய்ப் பார்த்தேன். சிவந்த தடிப்பின் மேல் கடுகளவு நீர்க்கொப்பளங்கள் கொத்துக்கொத்தாக, முதுகெலும்பை ஒட்டித் தொடங்கி, விலாவோடு வளைந்து, நெஞ்சின் நடுவுக்கு ஒரு விரற்கடை முன்னே கோடு கிழித்தாற்போல் நின்றிருந்தன. வலப்பக்கத்தில் எதுவும் இல்லை. எங்கள் ஊரில் எந்தச் சிவந்த படைக்கும் அக்கி என்றே பெயர். இது மெய்யான அக்கி, மருத்துவர்கள் ஹெர்பிஸ் ஜோஸ்டர் என்பது.

"சுத்தி வந்து ரெண்டு முனையும் சேந்துட்டா உசுரு போயிடும்னு சொல்றாங்களேக்கா" என்று மருமகள் என்னைத் தனியே அழைத்துக் கேட்டாள். உடலின் இரு பக்கத்துக்கும் தனித்தனி நரம்புகள். முதுகெலும்பிலிருந்து புறப்படும் ஒவ்வொன்றும் தன் பக்கத்துத் தோலை மட்டும் கவனித்து, நடுக்கோட்டில் முடிந்துவிடுகிறது. ஆகவே ஒரு நரம்பில் கிளம்பிய அக்கி பொதுவாக நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை என்று விளக்கினேன். வயலில் வாய்க்கால் மடை தன் பங்குக்கு மட்டும் பாய்வதைச் சொன்னதும் அவளுக்குப் பிடிபட்டது. அதைவிட எனக்கு அவசரமாகப் பட்டது வேறு: கொப்பளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். பத்து மணிக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தோம். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

அம்மாளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. பால் கறக்கும் ஆறு மணி, பத்து மணி மினி பஸ், பள்ளிக்கூடத்துப் பிற்பகல் மணி, விளக்கேற்றும் நேரம், படுக்கைக்குப் போகும் பத்து மணி என்று ஐந்து வேளையையும் பேரன் காலண்டர் அட்டையில் படமாக வரைந்து சுவரில் மாட்டினான்.

எங்கள் துறையில் சிலர் ஊசி வைத்தபின் எந்த மாத்திரையும் கூடாது என்கிறார்கள். 2019இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்த ஆணையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர்களும் அவர்களில் உண்டு. வைரஸ் பெருகுவதை ஊசி தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லாதபோது, அந்த மூன்று நாளை ஒருவரிடமிருந்து பறிக்க எனக்கு உரிமை இல்லை.

9 ஜனவரி, வியாழன்

அம்மாள், பானை வனையும் வேளார் வீட்டில் அக்கி எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். நான் எதிர்பார்த்ததுதான். பொங்கலுக்கு ஐந்து நாளே இருப்பதால் வாசல் முழுக்கப் பானைகள் காய்ந்துகொண்டிருக்க, அவற்றுக்கு நடுவே மணை போட்டு உட்காரவைத்து, காவியைக் குழைத்து, முதுகில் சிங்கம் எழுதியிருக்கிறார் பெரியவர். உடைந்த கொப்பளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்குமே என்ற கவலையில் நேரே அவரிடம் போனேன். "புண்ணு மேல எழுதமாட்டம்மா, சுத்தித்தான் கட்டுவோம்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. அம்மாளின் முதுகைப் பார்த்தேன், உண்மைதான். காவிக் கோடு கொப்பளங்களைத் தொடாமல் ஒதுங்கிப் போயிருந்தது. சிங்கத்தின் வால் மட்டும் சற்று நீண்டு இடுப்புவரை வந்திருந்தது.

ஈரக் காவியின் குளிர்ச்சி எரிச்சலைத் தணிக்கும். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் சீனர்கள் இந்த நோயை இடுப்பைச் சுற்றும் நெருப்பு என்று அழைத்ததும், அதற்கு ஊசி வைக்கும் முறைக்கு டிராகனைச் சூழ்தல் என்று பெயர் வழங்குவதும் அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தன. அதிலும் ஊசி புண்ணின் மேல் இறங்குவதில்லை. ஓரத்தைச் சுற்றித்தான் நிற்கும்.

12 ஜனவரி, ஞாயிறு

இன்று முதல் ஊசி. பொதுக்கூடத்தில் உட்காரவைக்கவில்லை, மண்டியின் பின்னறையில் தனியே. கொப்பளத்து நீர் பட்டால், இதுவரை சின்னம்மை காணாதவருக்குச் சின்னம்மை வரலாம். கூடத்தில் ஒரு கர்ப்பிணி இருந்தார். அம்மாள் வீட்டிலும் நான்கு மாதக் குழந்தை இருப்பதால், கொப்பளங்கள் பொருக்குத் தட்டும்வரை மெல்லிய பருத்தித் துணியால் மூடியிருக்கவும், துண்டையும் பாயையும் தனியே வைக்கவும் சொல்லியிருக்கிறேன்.

ஊசியின் தடிமன் கால் மில்லிமீட்டர், ஒருவருக்கு ஒருமுறைதான். முன்கையின் புறப்பக்கத்தில் மணிக்கட்டு மடிப்புக்கு நான்கு விரற்கடை மேலே உள்ள ஸிகோ புள்ளியிலும், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்து யாங்லிங்சுவானிலும் முதலில் வைத்தேன். பிறகு முதுகெலும்பை ஒட்டி, அக்கி கிளம்பிய நரம்பின் மட்டத்தில் இரண்டு. கடைசியாகத் தடிப்பின் வெளியே, நல்ல தோலில், சாய்வாகவும் மேலாகவும் ஆறு. இங்கேதான் கை நிதானிக்க வேண்டும். வயலில் உழைத்து மெலிந்த உடம்பு. விலாவுக்கு அடியில் நுரையீரல் வெகு அருகில் இருக்கிறது. நேராக ஆழமாக இறக்கினால் நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்துவிடும். ஊசியின் நுனி தோலுக்குள் படுத்துக்கிடப்பது வெளியிலிருந்து ஒரு சிறு மேடாகத் தெரிந்தது. அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "எறும்பு ஊர்றாப்புல இருக்கு" என்றார். இருபத்தைந்து நிமிடம். எடுத்த ஊசிகளை எண்ணி, துளைபடாத வெள்ளை டப்பாவில் போட்டேன்.

"எனக்கு யாருகிட்டேருந்து ஒட்டிச்சு?" என்று கேட்டார். யாரிடமிருந்தும் இல்லை. எட்டு வயதில் மாரியம்மன் முத்து போட்டிருந்தது என்று அவரே சொல்லியிருந்தார். அந்தச் சின்னம்மை வைரஸ் அன்று முழுதாக வெளியேறாமல், முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் ஐம்பத்தாறு ஆண்டு ஒளிந்திருந்தது. வயதும் சர்க்கரையும் உடலின் காவலைத் தளர்த்தியதும் நரம்பின் வழியாகவே தோலுக்கு இறங்கிவிட்டது. இப்படித்தான் நடக்கிறது என்று 1965இல் விரிவாக எழுதியவர் ஹோப் சிம்ப்சன் என்ற ஆங்கிலேயர். பெரிய ஆய்வுக்கூடத்தில் இருந்தவரல்லர், ஒரு சிற்றூரின் பொது மருத்துவர், தம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் குறித்துவைத்துக் கண்டுசொன்னார். நாட்குறிப்பு எழுதும் எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அம்மாளுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "அன்னிக்கு வந்தவ போகவே இல்லையா?" என்று மட்டும் வியந்துகொண்டார்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். அம்மாள் வீட்டில் அதே வேளாரின் பானை. அசைக்ளோவிர் முடிந்துவிட்டது. புதுச் சேலையை உடுத்த முடியாமல் மகனின் பழைய சட்டையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

19 ஜனவரி, ஞாயிறு

கொப்பளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டிவிட்டன; சில உதிர்ந்து, தோல் வெளிறித் தெரிகிறது. மூன்றாம் ஊசி முடிந்தது. இரவில் இரண்டு மணி நேரம் தூங்கியவர் இப்போது ஐந்து மணி நேரம் தூங்குகிறார். இது ஊசியாலா, மாத்திரையாலா, தானாகவே ஆறும் காலம் வந்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் இந்தப் புண் பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஊசியால் வலி குறைவதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் பலவும் சிறியவை, அவற்றை வைத்து மார்தட்டிக்கொள்ள முடியாது. அம்மாளோ சிங்கத்துக்கே முழுப் பெருமையும் என்கிறார்.

2 பிப்ரவரி, ஞாயிறு

இன்று முதல் பொதுக்கூடத்து நாற்காலி. எதிரே அந்த ஓட்டுநர். ஆம், அவரேதான், புண் ஆறியும் எரிச்சல் போகாமல் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார், இன்றும் வருகிறார். புண் கிளம்பி மூன்று மாதம் கடந்தும் வலி நீடித்தால் அதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்கிறார்கள். வயது ஏற ஏற அது வரும் வாய்ப்பும் கூடும். மருத்துவர் தரும் பிரிகாபலினை இரவில் விழுங்கிவிட்டு, வாரம் ஒருமுறை என் நாற்காலியில் சாய்கிறார். வந்துபோனபின் இரண்டு நாள் நிம்மதி என்பார். பிறகு மெல்லத் திரும்பிவிடும்.

அவர்தான் இன்று கூடத்துக்கே பாடம் நடத்தினார். கண்ணுக்கு மேலேயோ மூக்கு நுனியிலேயோ கொப்பளம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் ஓட வேண்டும், பார்வையே போகலாம் என்றார். காதில் வந்தால் முகம் கோணிவிடக்கூடும் என்றார். எல்லாம் நான் சொன்னவை. அவர் குரலில் கேட்டபோது கூடம் பேச்சை நிறுத்திக் கவனித்தது. தடுப்பூசி இருக்கிறதாமே என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, சில மாத இடைவெளியில் இரண்டு தவணை, 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. ஆய்வுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு நோயைத் தடுத்த ஊசி அது. விலையைச் சொன்னதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஒரு தவணையே பல ஆயிரம். அறுவடைக் கூலியை வைத்துக் கணக்குப் போட்டவர் பாதியிலேயே விட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

அம்மாள் ரவிக்கை அணிந்து வந்தார். கொக்கியை மாட்டும்போது மட்டும் சுரீரென்கிறதாம். பஞ்சால் தடவிப் பார்த்தேன். முதுகில் ஒன்றும் இல்லை, மார்புக்குக் கீழே ஒரு வெற்றிலை அளவு இடத்தில் இன்னும் முகம் சுளிக்கிறார். போன மாதம் அது இரு கை அகலம் இருந்தது. பேரன் வரைந்த காலண்டர் அட்டையின் பின்புறத்தில் அந்த இடத்தின் எல்லையைப் படமாகப் போட்டு, புண் கிளம்பித் தொண்ணூறாவது நாளான ஏப்ரல் 7ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அன்றும் எரிச்சல் இருந்தால் இந்த அட்டையோடு மருத்துவரிடம் போக வேண்டும் என்றேன். "அதுக்குள்ள உளுந்து எடுத்துடலாமா தாயி?" என்று கேட்டபடியே உண்டியலில் எதையோ போட்டார், காசின் சத்தம் கேட்கவில்லை. மாலையில் திறந்தபோது முடிச்சுப் போட்ட துணியில் ஒரு கைப்பிடி புதுப் பச்சரிசி இருந்தது.