கிளட்ச் கனத்தால் ப்ளேட்டை மாற்றாதீர்கள், முதலில் ஒயரைக் கழற்றுங்கள்

கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்) மாற்றி எடுத்து வந்ததிலிருந்து என் வண்டியின் கிளட்ச் கனத்துப்போனது. 350 சிசி, ஒற்றை சிலிண்டர், லிவரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் இழுகம்பியால் இயங்கும் சாதாரண ஒயர் கிளட்ச். முன்பும் அவ்வளவு லேசாக இருந்ததில்லை. ஆனாலும் மதுரை கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டுவதற்குள் இடது மணிக்கட்டு இப்படிக் கடுத்ததில்லை. லிவரை மெதுவாக விட்டால் பாதி வரை ஒன்றும் நடக்காது. பிறகு ஒரே வெட்டு, வண்டி முன்னால் பாயும். பின்னால் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு ஓட்டவே பயமாகிவிட்டது.

கோன் செட் மாற்றிய அதே சர்வீஸ் சென்டருக்கே போனேன். அட்வைசர் லிவரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ப்ளேட் போயிருச்சு சார், செட்டா மாத்திரலாம்” என்றார். ஓட்டிப் பார்க்கவில்லை. டேங்குக்கு அடியில் குனிந்தும் பார்க்கவில்லை. ப்ளேட், ஸ்பிரிங், கேஸ்கெட், ஆயில், கூலி என்று பில் நீண்டது. வண்டியை எடுத்தால் அதே கனம், அதே வெட்டு. “புது ப்ளேட் சார், ஓட ஓட செட் ஆயிரும்” என்றார்கள்.

அங்கே நான் விடாப்பிடியாக நின்று செய்த ஒரு காரியம், பழைய ப்ளேட்டுகளைக் கேட்டு வாங்கியது. ஸ்கிராப்பில் போட்டாயிற்று என்றவர்கள், கொஞ்ச நேரத்தில் ஒரு கவரில் கொண்டுவந்து கொடுத்தார்கள். தெரிந்த லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்தோம். மாற்றியே ஆகவேண்டும் என்று மேனுவல் சொல்லும் அளவுக்கு வெகு மேலேயே இருந்தது ப்ளேட்டின் தடிமன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஏனென்றால் ப்ளேட் தேய்ந்தால் லிவர் கனக்காது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. அதுதான் தேய்ந்த ப்ளேட்டின் அடையாளம். ப்ளேட் மெலிய மெலிய ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையுமே தவிர அதிகமாகாது. லிவர் கனத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒயரையும் லிவர் போல்ட்டையும்தான்.

சிம்மக்கல் பக்கம் தனியாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர்தான் வழிகாட்டினார். “இன்ஜினைப் பிரிக்கிறது கடைசி வேலை தம்பி. மொதல்ல ஒயரைக் கழட்டு.” இன்ஜின் பக்க முனையை விடுவித்துவிட்டு லிவரை இழுக்கச் சொன்னார். எந்தச் சுமையும் இல்லாத ஒயர் வழுக்கிக்கொண்டு வரவேண்டும்; என்னுடையது கரகரவென்று சிக்கிச் சிக்கி வந்தது. அப்படியானால் கோளாறு இன்ஜினுக்கு வெளியே. மறுபடி மாட்டிவிட்டு ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பினார். வலப்பக்கம் லிவரில் இருந்த லூஸ் (ஒயர் இழுபடும் முன் லிவர் சும்மா ஆடும் தூரம்) இடப்பக்கம் திருப்பியதும் காணாமல் போனது. ஒயர் போன பாதை சரியாக இருந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் லூஸ் மாறக்கூடாது.

டேங்கைத் தூக்கியதும் எல்லாம் தெரிந்தது. கோன் செட் வேலையின்போது ஒயரைப் பழைய வழியில் விடாமல், ஸ்டீயரிங் கழுத்துக்கும் ஒயரிங் கட்டுக்கும் நடுவே செருகி, அதன்மேல் டையை இறுக்கியிருந்தார்கள். உறை மடங்கி நசுங்கியிருந்தது. லிவர் முனையில், லிவருக்குள் மாட்டும் உலோகக் குண்டுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு இழை வேறு அறுந்திருந்தது. எங்கேயாவது நட்டநடு ரோட்டில் மொத்தமும் அறுந்திருக்கும்.

புது ஒயர் வாங்கப் போனதில் ஒரு அலைச்சல். கடைக்காரர் வண்டியின் பேரை மட்டும் கேட்டு எடுத்துக்கொடுத்தது அதே வண்டியின் வேறு வருட மாடலுக்கானது. நீளம் சரி, அட்ஜஸ்டர் மரை சேரவில்லை. பழைய ஒயரைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது பெரியவர் எந்த இடத்திலும் இறுக்கமான வளைவு வராமல் விட்டார். லிவர் போல்ட் காய்ந்து கருத்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி மெல்லியதாக கிரீஸ் தடவினார். ஒயருக்குள் கிரீஸ் விடவே கூடாது, அழுக்கோடு சேர்ந்து இறுகிவிடும் என்றார். உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் உறை உள்ள ஒயர்களில் எண்ணெய் விடலாமா என்பதையும் மேனுவலைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

லிவர் பக்க அட்ஜஸ்டரை உள்ளே தள்ளிவைத்து, பெரும்பகுதி லூஸை இன்ஜின் பக்கம் எடுத்து, கடைசி நுணுக்கத்தை லிவரில் வைத்தார். நிறைய வண்டிகளுக்கு இந்த லூஸ் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. என்று இருக்கும். லூஸே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் ஸ்லிப் ஆகி நல்ல ப்ளேட்டும் கருகும். அதிகமாக விட்டால் கிளட்ச் முழுக்கப் பிரியாது. நியூட்ரல் விழாது, கியர் இடிக்கும்.

லிவரை லேசாக்க நீளமான கிளட்ச் ஆர்ம் (இன்ஜின் பக்கம் ஒயர் இழுக்கும் கை) விற்கிறார்கள். எனக்கும் ஒருவர் சிபாரிசு செய்தார். நான் போடவில்லை. கைக்குச் சுமை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு ப்ளேட் விலகும் தூரமும் குறையும். ஆயில் மாற்றும்போது டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கிறதா பாருங்கள். எம்பி என்று இருந்தால் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது, இன்ஜின் ஆயிலில் நனைந்தபடி இயங்கும் நம் ஈரக் கிளட்ச் வழுக்கலாம்.

இப்போது இரண்டு விரலில் கிளட்ச் பிடிக்கிறேன். லிவரை விட விட வண்டி சீராக நகர்கிறது, வெட்டு அறவே இல்லை. சர்வீஸ் சென்டரில் ப்ளேட்டுக்கான பணத்தைத் திருப்பித் தரவில்லை. சண்டை போட்டு, ஒயர் தவறாக விடப்பட்டது என்று ஜாப் கார்டில் எழுதி மட்டும் வாங்கினேன். கோன் செட், ஹேண்டில், ஹெட்லைட் என்று முன்பக்கம் எந்த வேலைக்குக் கொடுத்தாலும், பணம் கட்டும் முன் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி லிவர் லூஸைப் பாருங்கள். மாறினால் அங்கேயே டேங்கைக் கழற்றச் சொல்லுங்கள்.