இருப்பில் உள்ள முடி

2023 ஜனவரி 14, சனி

24 வயதில் நெற்றியின் இரு ஓரங்களிலும் ஏறத் தொடங்கிய வழுக்கை, 46 வயதில் உச்சியைத் தாண்டிச் சுழியோடு சேர்ந்துகொண்டு, காதுக்குக் காது பின்புறமாக ஒரு பட்டை முடியை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. முடி நடும் அறுவைக்காக நான் போன மருத்துவர் இன்று அரை மணி நேரம் பார்த்தது அந்தப் பட்டையைத்தான். வழுக்கையைப் பார்க்க அவருக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. உருப்பெருக்கியைப் பின்தலையில் வைத்து எண்ணினார், இரண்டு கைகளாலும் தோலை மேலும் கீழும் தள்ளி அதன் நெகிழ்வைப் பார்த்தார், காதுக்கு மேலே முடி மெலிந்திருக்கிறதா என்று தனியாகக் கவனித்தார்.

ஹாமில்டன் 1951-இல் வகுத்து, நார்வுட் 1975-இல் திருத்தியமைத்த வழுக்கை வகைப்பாட்டில் நான் ஆறாம் நிலை, ஏழுதான் கடைசி. என் தந்தை ஏழாம் நிலையில் இருந்தவர் என்று சொன்னதும், "அப்படியானால் உங்களையும் ஏழாகவே வைத்துக்கொண்டு திட்டமிடுவோம்" என்றார். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான். இருபதுகளில் உள்ளவர்களுக்கு அவர் எளிதில் கத்தி எடுப்பதில்லையாம்: வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் முன்னால் நட்டுவிட்டால், பின்னால் உள்ளது உதிர்ந்து, நட்டது மட்டும் தீவு போல நின்றுவிடும்.

2023 ஜனவரி 29, ஞாயிறு

தணிக்கைத் தொழிலில் இருபது ஆண்டுகள் கழித்தவனுக்கு இந்தச் சிகிச்சை எளிதாகப் புரிகிறது, ஏனென்றால் இதில் வரவு என்பதே கிடையாது. புதிதாக ஒரு முடிகூட உண்டாவதில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றப்படுகிறது, அவ்வளவுதான்.

முடி தலையில் தனித்தனியாக முளைப்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு என்று சிறு கொத்துகளாக முளைக்கிறது. ஹெடிங்டன் 1984-இல் விவரித்த இந்தக் கொத்தைத்தான் இன்று ஒரு கிராஃப்ட் என்று எண்ணுகிறார்கள். என் பின்தலையில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 70 கொத்துகள் இருக்கின்றன. தோலின் நெகிழ்வைப் பார்த்து 24 சென்டிமீட்டர் நீளமும் 1.5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தோல் பட்டையை முடியோடு வெட்டி எடுக்கலாம் என்று மருத்துவர் கணித்திருப்பதால், 36 சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 2,520 கிராஃப்ட் கிடைக்க வேண்டும். வழுக்கையின் பரப்போ 210 சதுர சென்டிமீட்டர். முழுவதிலும் சமமாகப் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு கொத்து விழும். வெளிச்சத்தில் நின்றால் தோல்தான் தெரியும். முன்பகுதியில் 80 சதுர சென்டிமீட்டருக்கு மட்டும் நட்டால் 31 வரும். அதுவும் இயற்கையான அடர்த்தியில் பாதிக்குக் குறைவுதான், ஆனால் எதிரே நிற்பவரின் கண் அதை முடியுள்ள தலையாக ஏற்றுக்கொள்ளும்.

ஆகவே கேள்வி, எங்கே முடி வேண்டும் என்பதைவிட, எங்கே வழுக்கையை விட்டுவைப்பது என்பதாக மாறிவிட்டது. என் விடை சுழி. அதை நான் பார்ப்பதில்லை. பார்ப்பவர்கள் என் முதுகுக்குப் பின்னால் இருப்பவர்கள். மேலும் சுழியில் முடி வட்டமாகப் பிரிந்து போவதால் ஒன்று மற்றொன்றை மறைக்காது. எவ்வளவு கொட்டினாலும் போதாத இடம் அது.

2023 பிப்ரவரி 5, ஞாயிறு

பின்தலை முடியை முன்னால் நட்டால் அது ஏன் உதிர்வதில்லை என்று தம்பி தொலைபேசியில் கேட்டான். அவனுக்கும் நெற்றி ஏறிக்கொண்டிருக்கிறது.

டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன், அதற்கு இளகிக்கொடுக்கும் மயிர்க்கால்களைச் சுற்றுக்குச் சுற்று மெலிய வைத்து, கடைசியில் பூனைமுடியாக்கிவிடுகிறது. முன்தலையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் அதற்கு இளகுகின்றன, பின்தலையில் உள்ளவை பெரும்பாலும் இளகுவதில்லை. இந்தக் குணம் இருக்கும் இடத்தைப் பொறுத்ததன்று, பிறந்த இடத்தைப் பொறுத்தது. நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் 1952-இல் தொடங்கிய சிகிச்சைகள் இதைக் காட்டின. 1959-இல் அவர் அதை வெளியிட்டார். அவருக்கு முன்பே, 1939-இல், ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் முடியுள்ள சிறு தோல் துண்டுகளை நட்டு எழுதியிருக்கிறார். ஜப்பானிய மொழியில் இருந்த அந்தக் கட்டுரை, போர்க்காலத்தில் வெளியே போய்ச் சேரவில்லை.

ஓரென்ட்ரைக் காலத்துத் துண்டுகள் 4 மில்லிமீட்டர் அகலமானவை, ஒவ்வொன்றிலும் ஒரு கற்றை முடி. பழைய நிழற்படங்களில் அவை பொம்மையின் தலையில் குத்திய நார் போல வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் இத்தனை ஆண்டுகளாக இந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தேன்.

2023 பிப்ரவரி 19, ஞாயிறு

பட்டை முறையா, ஒவ்வொரு கொத்தையும் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துளைக்கருவியால் தனித்தனியாக எடுக்கும் முறையா என்பதை இன்று முடிவு செய்தேன். இரண்டாவது முறையில் நீண்ட தழும்பு இல்லை, தையல் இல்லை, அதனால்தான் இன்று அதற்குப் பெயர் அதிகம். ஆனால் என் அளவு வழுக்கைக்கு 2,500 கொத்துகளை அப்படி எடுத்தால், பின்தலை முழுவதையும் சல்லடையாகத் துளைத்து, நாளை மெலியக்கூடிய ஓரங்களிலும் கை வைக்க வேண்டியிருக்கும். பட்டையோ பின்மண்டை எலும்பு புடைத்திருக்கும் மட்டத்தை ஒட்டி, மிகவும் நிலையான முடி உள்ள நடுப்பகுதியிலிருந்து வருகிறது. மற்ற இடங்களின் அடர்த்தி ஏறக்குறைய அப்படியே இருக்கும், பிறகு தேவைப்பட்டால் அங்கே துளை முறையையும் பயன்படுத்தலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. பத்தாண்டுகளாக நான் மொட்டையடித்துக்கொண்டு நிம்மதியாகத் திரிந்தவன். பட்டை எடுத்த பிறகு மொட்டையடித்தால் காதுக்குக் காது ஒரு கோடு தெரியும். என் மனைவி அதை ஒரே வாக்கியத்தில் கேட்டாள்: "பிடிக்காமல் போனால் பழைய தலைக்குத் திரும்ப முடியாதே, யோசித்தீர்களா?" யோசித்தேன். மூன்று நாள் தூக்கம் போனது அதனால்தான், கத்தியை நினைத்தல்ல.

பின்தலை முடியை இப்போது வளர்த்துவருகிறேன். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தையலை மேலிருந்து விழுந்து மறைக்கும் அளவுக்கு அது நீள வேண்டும். தோல் நெகிழ, தினமும் இரண்டு வேளை பின்தலையை விரல்களால் மேலும் கீழும் அசைத்துப் பிசைகிறேன். அந்த ஹார்மோனைக் குறைக்கும் பினாஸ்டெரைடு மாத்திரையைத் தினமும் ஒரு மில்லிகிராம் எடுத்துக்கொள்ளவும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். சிலருக்கு அது பாலுணர்வைக் குறைக்கும் என்பதையும் அவரே முதலில் சொன்னார். போன முடி அதனால் திரும்பாது, இருக்கும் பட்டை கீழே இறங்காமல் இருந்தால் எனக்குப் போதும்.

2023 மார்ச் 5, ஞாயிறு

நேற்று அறுவை முடிந்தது. சாய்ந்தபடி உட்கார்ந்து எழுதுகிறேன்; ஒரு வாரம் 45 பாகைச் சாய்வில்தான் தூங்க வேண்டும்.

காலையில் முதலில் கோடு வரைந்தார்கள். கண்ணாடியைப் பார்த்தபோது முன்கோடு எனக்கு மிகவும் மேலே இருப்பதாகத் தோன்றியது, ஒரு விரல் இறக்கச் சொன்னேன். புருவங்களுக்கு நடுவிலிருந்து எட்டரை சென்டிமீட்டர் அளந்து காட்டிய மருத்துவர், ஒரு விரல் இறக்கினால் நெற்றியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நானூறு கிராஃப்ட் அதற்கே போய்விடும் என்றும், அறுபது வயதில் இருபது வயது நெற்றி அழகாக இருக்காது என்றும் சொன்னார். நான் போட்ட கணக்கை நானே மறந்திருந்தேன். நெற்றிப்பொட்டுப் பக்கம் உள்ளே வளைந்திருக்கும் ஏற்றத்தையும் அவர் மூடவில்லை.

மரப்பு ஊசிதான் அன்றைய வலி முழுவதும்: அட்ரினலின் கலந்த லிடோகெயின், பின்தலை நெடுகிலும், பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு உப்புநீரைச் செலுத்தித் தோலைப் புடைக்க வைத்தார்கள். கத்தி ஆழமான இரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் தொடாமல் மேலேயே போவதற்காக. முகம் புதையும் துளையுள்ள தலையணையில் குப்புறப் படுத்திருந்த எனக்கு வலி எதுவும் தெரியவில்லை, ஆனால் சத்தம் கேட்டது. மண்டையோட்டின் வழியாக வரும் சத்தத்தைக் காதைப் பொத்தித் தடுக்க முடியாது. முடி தோலுக்குள் சாய்ந்து போகும் கோணத்திலேயே கத்தியும் சாய்ந்து போக வேண்டும், இல்லையென்றால் வேர்கள் வெட்டுப்படும். மூடும்போது காயத்தின் ஒரு விளிம்பை மட்டும் மயிரிழை அளவு சீவிவிட்டுத் தைத்தார்கள். அந்த விளிம்பில் உள்ள முடி பின்னாளில் தழும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

பட்டையைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். ஏறக்குறைய அரை முழமே உள்ள அந்த முடிநாடாவை நான்கு தொழில்நுட்பர்கள் நுண்ணோக்கிகளின் கீழ் முதலில் ஒரு கொத்து அகலமுள்ள ஏடுகளாகச் சீவி, பிறகு ஏட்டிலிருந்து கொத்துகளைப் பிரித்தெடுத்துக் குளிர்ந்த உப்புநீரில் வகை வகையாக அடுக்கினார்கள். அமெரிக்காவில் லிம்மர் என்ற மருத்துவர் புகுத்திய நுண்ணோக்கிப் பழக்கம் இது. வெறுங்கண்ணால் வெட்டிய காலத்தில் வீணான வேர்கள் எத்தனை என்று நினைத்துப் பார்த்தேன். தணிக்கையாளன் புத்தி.

மருத்துவர் நுண்ணிய கத்தியால் முன்தலையில் பிளவுகளைத் தாமே போட்டார். முன்கோட்டில் பிளவுகள் தோலோடு படுத்தாற்போல முன்னோக்கிச் சாய்ந்திருந்தன, பின்னே போகப் போக நிமிர்ந்தன. ஒற்றை முடிக் கொத்துகளை முன்கோட்டில், வேண்டுமென்றே வரிசை கலைத்து வைத்தார்கள். இரண்டும் மூன்றும் அதற்குப் பின்னால். ஐந்து மணி நேரம் நட்டார்கள். மொத்தம் 2,438.

2023 மார்ச் 8, புதன்

நெற்றி வீக்கம் இன்று கண்களுக்கு இறங்கிவிட்டது. ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை. முன்தலையில் செலுத்திய நீர் இறங்கும் வழி இதுதானாம். தையல் இழுக்கிறது, குனிந்தால் பிடரி தோலை யாரோ பிடித்திருப்பது போல இருக்கிறது.

2023 மார்ச் 16, வியாழன்

தையலைப் பிரித்தார்கள். பொருக்குகள் நுரையில் ஊறி, விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்ததும் உதிர்ந்தன. பத்து நாள் கடந்துவிட்டதால் கிராஃப்ட் இனி பிடுங்கிக்கொண்டு வராது என்று தெரிந்தும் கை நடுங்கியது. காயத்துக்கு மேலே உச்சி வரை உணர்வே இல்லை. சீப்பு போகிறது, தலை எனக்குச் சொந்தமில்லாதது போல இருக்கிறது. வெட்டுப்பட்ட சிறு நரம்புகள் தளிர்க்கச் சில மாதங்கள் ஆகும்.

2023 ஏப்ரல் 9, ஞாயிறு

நட்ட முடியில் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. இது நடக்கும் என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள், நானும் படித்துக் கையெழுத்திட்டிருந்தேன். தலையணையில் அதைப் பார்ப்பது வேறு. இடம் மாறிய அதிர்ச்சியில் தண்டு விழ, வேர் உள்ளே மூன்று மாத ஓய்வுக்குப் போகிறது. ஜனவரியில் இருந்த அதே தலையோடு, பின்னால் ஒரு கோட்டையும் சுமந்துகொண்டு நிற்கிறேன். மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதைக் கவனித்தேன்.

இன்று ஒரு தவறும் செய்தேன். இரண்டு மாதம் கனம் தூக்கக் கூடாது என்றிருந்தும், அலமாரியை நகர்த்தத் தோள் கொடுத்துவிட்டேன். காயத்தின் நடுவில் சுரீரென்று ஓர் இழுப்பு.

2023 ஜூன் 25, ஞாயிறு

முன்கோட்டில் முளை தெரிகிறது. மெல்லிய, நிறம் குறைந்த, சற்றுச் சுருண்ட முடி. இடது பக்கம் முந்திக்கொண்டது. சில இடங்களில் பரு போலப் புடைத்து, அதன் நடுவிலிருந்து நுனி வெளியே வருகிறது. தினமும் பார்க்காதே என்று தம்பி சொன்னான். தினமும் பார்க்கிறேன்.

2023 அக்டோபர் 8, ஞாயிறு

முடி தடித்துவிட்டது, முதல் தடவையாகச் சீப்பால் ஒரு பக்கம் ஒதுக்கினேன். தழும்பு இரு பக்கங்களிலும் ஒரு மில்லிமீட்டர் கோடாக இருக்கிறது, அதைத் துளைத்து முடியும் வந்திருக்கிறது. நடுவில் மட்டும் இரண்டு விரல் நீளத்துக்கு மூன்று மில்லிமீட்டராக விரிந்திருக்கிறது. அலமாரியால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். சிலருக்குத் தோல் தானாகவே விரியும். நான் அலமாரியின் மீதே போட்டுக்கொள்கிறேன்.

2024 மார்ச் 10, ஞாயிறு

ஓர் ஆண்டு முடிந்துவிட்டது. எதிரே நிற்பவருக்கு நான் முடி சற்று மெலிந்த மனிதன். பின்னால் நிற்பவருக்கு வட்டமாக வழுக்கை விழுந்த மனிதன். இரண்டும் உண்மை. ஈரத் தலையோடு விளக்கின் கீழே நின்றால் முன்னாலும் தோல் தெரிகிறது.

இரண்டாவது பட்டைக்குத் தோல் மறுபடி நெகிழ்ந்திருக்கிறது, பழைய தழும்பையும் சேர்த்து வெட்டியெடுத்தால் கோடு ஒன்றாகவே இருக்கும் என்று மருத்துவர் சொன்னார். 1,800 வரை கிடைக்கலாம். உச்சியின் நடுப்பகுதிக்குச் சரியாக இருக்கும், சுழிக்கு மிஞ்சாது. வாழ்நாளுக்கு ஆறாயிரத்தை ஒட்டிய கையிருப்பில் 2,438 போய்விட்டது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் முடி வெட்டிக்கொண்டேன். முடிதிருத்துபவர் வழக்கம்போல மெஷினை எடுத்துப் பிடரியில் வைத்தவர், சட்டென்று நிறுத்தி, விரலால் தடவிப் பார்த்து, "அடிபட்டதா சார்?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். முன்தலையை ஒரு தடவை பார்த்துவிட்டு மெஷினைக் கீழே வைத்து, கத்தரிக்கோலையும் சீப்பையும் எடுத்துக்கொண்டார்.