பொதுச்சுவர் வீட்டில் மின்செலவைக் குறைத்தல்: தளத்திலிருந்து தொடங்கிய கதை

திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருப்பது, இரண்டு பக்கமும் அண்டை வீடுகளோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையில் நிற்கும் பழைய வீடு. அகலம் 16 அடிதான். நீளமோ தெருத் திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், சமையலறை என்று கொல்லை வரை போய்க்கொண்டே இருக்கும். இந்த வீட்டின் மின்செலவையும், அதன் பொருட்டு எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியையும் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்து விசாரித்தபோது, பாதிப் பேர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னார்கள். மீதிப் பேர் மாடியில் சோலார் போட்டால் போதும் என்றார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்து அதைத் தடுத்த பிறகே மின்விசிறிக்கும் ஏசிக்கும் வர வேண்டும், சூரிய மின்தகடு எல்லாவற்றுக்கும் கடைசி என்பதுதான் என் கட்சி.

இடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு டன் சிமெண்ட் தயாராவதற்குள் அரை டன்னுக்கும் அதிகமான கரியமில வாயு வெளியேறிவிடுகிறது; கம்பி, ஜல்லி, லாரி எல்லாம் அதற்கு மேல். நிற்கிற சுவருக்கான கரியமில வாயுவை நம் முன்னோர் எப்போதோ வெளியேற்றிவிட்டார்கள். அதை உடைத்துக் குப்பையாக்கி, புதுக் கரியமிலக் கடனோடு தொடங்கும் வீடு எத்தனை 'பசுமை'ச் சான்றிதழ் வாங்கினாலும், அந்தக் கடனை அடைக்கவே பல ஆண்டுகள் பிடிக்கும்.

வரிசை வீட்டில் பக்கச் சுவர்கள் இரண்டும் அண்டை வீட்டுக்குள் மறைந்திருப்பதால் அவற்றின்மேல் வெயில் படுவதில்லை. வெயில் படுவது தெருமுகப்பு, கொல்லைச் சுவர், மாடித் தளம் ஆகிய மூன்றின்மேல் மட்டுமே. சென்னை வடக்கே 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கிறது. கோடையில் ஒரு சதுர மீட்டர் தளத்தின்மேல் ஒரு நாளில் விழும் வெயிலை மின்சாரக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 6 யூனிட். அதில் பெரும்பகுதியைக் கறுத்துப்போன தளம் உறிஞ்சிக்கொள்கிறது. கனமான தளம் என்பதால் வெப்பம் உடனே கீழே இறங்குவதில்லை. சில மணி நேரம் பிடித்து வைத்திருந்து, நாம் படுக்கப் போகும் வேளையில் அறைக்குள் விடுகிறது. இரவு ஒன்பது மணிக்கு மேசைமேல் ஏறி நின்று உத்தரங்களுக்கு நடுவே கையை வைத்தால் சூடு தெரியும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கட்டிலின்மேல் தள்ளிக்கொண்டிருக்கிறது.

எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய முறைத் தளம். தேக்கு உத்தரங்களின்மேல் அச்சுக்கற்கள் எனப்படும் மெல்லிய செங்கற்களை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தபடியே மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டை ஓடு பதித்திருப்பார்கள். இடையில் யாரோ ஒழுகிய இடங்களில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அந்த ஒட்டுகளின் ஓரங்களில்தான் புது விரிசல்கள் இருந்தன. சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி கிடைப்பது இப்போது அரிது. எங்களுக்குக் கிடைத்தவர் ஓடு ஒன்றைப் பெயர்த்து, உள்ளே இருந்த கலவையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், இது கடுக்காய் போட்டு அடிச்ச தளம். இதும்மேல சிமெண்ட் போட்டா ஒட்டாது. வெயில்ல ஒண்ணு ஒரு மாதிரி விரியும், இன்னொண்ணு வேற மாதிரி விரியும்."

"அப்போ என்ன பண்ணலாம் மேஸ்திரி?"

"பழைய ஒட்டையெல்லாம் எடுத்துட்டு சுண்ணாம்புலயே பூசிடுவோம். வாட்டம் மட்டும் சரியா வெச்சுட்டா தண்ணி நிக்காது. தண்ணி நிக்கலன்னா உத்தரத்துக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்ன கடைசி வாக்கியம்தான் முக்கியம். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சுகள் பல நிறுவனங்களின் டப்பாக்களில் கிடைக்கின்றன. கான்கிரீட் தளத்துக்கு அவை நல்லவையே. ஆனால் ஈரம் உள்ள சுண்ணாம்புத் தளத்தின்மேல் ரப்பர் போன்ற பூச்சைப் போட்டு மூடினால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் கீழ்நோக்கிப் போய் உத்தரத்தின் நுனியை, அதாவது சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதியை, இற்றுப்போக வைக்கும். பின்னாலேயே கரையான் வரும். ஆகவே வாட்டம் சரிசெய்து, காயவிட்டு, வெறும் சுண்ணாம்பையே மூன்று கோட்டு அடித்தோம். புதிதாக வெள்ளையடித்த தளம் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். மழையும் தெருப்புகையும் அதை மங்கச் செய்யும் என்பதால், ஆண்டுதோறும் மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ மறுபடி அடிக்க வேண்டும். கையில் பணம் இருப்பவர்கள் வெள்ளை ஓட்டுச் சில்லுகளைப் பதித்துக்கொள்ளலாம். நீடிக்கும், ஆனால் எடை கூடும். பழைய உத்தரங்களுக்கு அந்த எடை ஆகுமா என்று பொறியாளர் ஒருவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

தெர்மோகோல் வைத்துப் பொய்க்கூரை போடும் யோசனையை நான் அடியோடு மறுத்தேன். உத்தரத்தை மறைத்துவிட்டால் ஒழுகலும் கரையானும் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். கூரை உயரமாக இருந்தால் ஏசிக்குச் செலவு அதிகம் என்பார்கள். ஏசி வெளியேற்ற வேண்டிய வெப்பத்தில் பெரும்பங்கு தளம், சுவர், ஜன்னல், கதவு இடுக்கு ஆகியவை வழியாக ஓயாமல் வந்துகொண்டிருப்பது; அறையின் காற்றை ஒரு முறை குளிர்விப்பது அதன் முன் சிறிய வேலை. வெண்டிலேட்டருக்குக் கண்ணாடிக் கதவும், பழைய தேக்குக் கதவின் அடியில் ரப்பர் பட்டையும் போட்டால் செலவு சில நூறு ரூபாய்தான்.

அடுத்து முற்றம். திருடர் பயத்தாலும் மழைச் சாரலாலும் பலர் முற்றத்தைப் பாலிகார்பனேட் தகட்டால் இறுக்கமாக மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மூடிய முற்றம் வெளிச்சத்தை உள்ளே விட்டு வெப்பத்தை வெளியே விடாத பெட்டி. தகட்டைச் சுவர் மட்டத்திலிருந்து இரண்டடி உயர்த்தி, நான்கு பக்கமும் கம்பி வலையும் கொசு வலையும் அடித்துவிட்டோம். சூடான காற்று மேலே போக வழி கிடைத்தது. எங்கள் வாசல் கிழக்கே பார்த்தது. கடற்கரை கூப்பிடு தூரம். பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் தெருக்கதவைத் திறந்தால், ரேழி வழியாக நுழைந்து முற்றத்தில் மேலேறுவது கூடத்துக் காலண்டர் ஆடுவதிலேயே தெரிகிறது. மேற்குக் காற்று பலமாக வீசிக் கடற்காற்றை உள்ளே விடாத கத்திரி நாள்களில் இது எதுவும் உதவாது. அன்றைக்குப் பகலில் கதவு ஜன்னலைச் சாத்தி வைப்பதே சரி. சென்னையில் புழுக்கமும் உண்டு என்பதால், இந்த வேலைகளால் ஏசியே வேண்டாம் என்று ஆகிவிடும் என நான் சொல்ல மாட்டேன். அது ஓடும் நேரம் குறையும். போட வேண்டிய ஏசியின் அளவும் குறையும்.

மின்விசிறிக் கணக்கு எளிது. பழையது 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகை மோட்டார் வைத்தது சுமார் 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம்; ஐந்து விசிறிக்கு 200. நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பதால், பில்லுக்கு 140 கிலோ குறைகிறது. தமிழ்நாட்டுக் கட்டண முறையில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கே விலை ஏறிவிடும். அந்த எல்லையில் ஊசலாடும் வீட்டுக்கு மின்விசிறி மாற்றுவதே முதல் செலவாக இருக்கலாம். 2023 ஜனவரி முதல் மின்விசிறிக்கு நட்சத்திரக் குறி கட்டாயம் என்பதால் பார்த்து வாங்குவதும் சுலபம். புது விசிறிகளின் ரிமோட்டைத் தேடுவதுதான் அம்மாவின் நிரந்தரப் புகார்.

ஏசியில் எல்லாரும் யூனிட்டைப் பார்க்கிறார்கள். உள்ளே இருந்து குளிர்விக்கும் வாயுவை யாரும் பார்ப்பதில்லை. பழைய பெட்டிகளில் இருப்பது ஆர்-22. அதில் ஒரு கிலோ வெளியேறிக் காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், அதாவது 2,500 யூனிட் மின்சாரம் செலவழித்ததற்குச் சமம். மின்விசிறிகள் ஓராண்டு முழுவதும் மிச்சம் பிடிப்பதைவிட இது அதிகம். பெட்டியைக் கழற்ற வருபவர் வால்வைத் திறந்து 'புஸ்'ஸென்று வெளியே விட்டுவிட்டால் அத்தனையும் வீண். வாயுவை உருளையில் திரும்பப் பிடிக்கத் தெரிந்தவர்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததில் ஒருவர் கோபித்துக்கொண்டே போய்விட்டார். புதியவற்றில் பரவலாக உள்ள ஆர்-32 அதைவிடப் பரவாயில்லை, கிலோவுக்கு 675. ஆர்-290 மிகக் குறைவு. எதுவானாலும் ஆண்டுதோறும் 'கேஸ் டாப்-அப்' கேட்கும் ஏசியில் ஒழுகல் இருக்கிறது என்றுதான் பொருள். ஒழுகலை அடைக்காமல் நிரப்பக் கூடாது.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறச் சொல்பவர்களுக்கும் என் கணக்கு ஒத்துவரவில்லை. இன்றைய மின்தொகுப்பில் நிலக்கரியின் பங்கு இவ்வளவு இருக்கும்வரை, அதே சாம்பாரைக் கொதிக்க வைக்க சிலிண்டரைவிட மின்சாரமே அதிகக் கரியமில வாயுவை வெளியிடுகிறது. தொகுப்பு மாறும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக மாடியில் சூரிய மின்தகடு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும். சென்னையில் நாளுக்கு நான்கு யூனிட் எதிர்பார்க்கலாம். தேவையைக் குறைத்துவிட்டதால் எங்களுக்கு இரண்டு கிலோவாட்டே போதும் என்று ஆகிவிட்டது. சுண்ணாம்புத் தளத்தில் துளையிட்டுப் போல்ட் இறக்க நான் சம்மதிக்கவில்லை. 2016 டிசம்பர் வர்தா புயலைப் பார்த்த ஊரில் தகட்டை வெறுமனே எடைக்கல் வைத்து நிறுத்தவும் முடியாது. பொதுச்சுவர்களின் தலைப்பில் இரும்பு விட்டங்களை வைத்துப் பிணைத்து, தளத்தைத் தொடாமல் தாங்கும் சட்டம்தான் தீர்வு. பக்கத்து வீடுகளின் சம்மதக் கடிதம் அதற்குத் தேவைப்பட்டது. தகட்டின் நிழல் தளத்துக்குக் கிடைப்பது உபரி லாபம்.

சம்மதக் கடிதம் கேட்கப் போனபோதுதான் வடக்கு வீட்டுக்காரர் தம் வீட்டை இடித்து நான்கு மாடி கட்டப்போவதாகச் சொன்னார். தெற்கே அப்படி எழும்பினால் மார்கழி, தை மாதங்களில் எங்கள் தகடுகள் நிழலில் கிடக்கும். வடக்கு என்பதால் அந்தக் கவலை குறைவு. ஆனால் பொதுச்சுவரின் மறுபக்கம் திடீரென்று வெளிப்பட்டுவிடும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் நேராக அதில்தான் அடிக்கும். ஓதம் ஏறினால் உத்தர நுனிகளுக்கு ஆபத்து. அடித்தளத்தை ஒட்டி இயந்திரம் வைத்துத் தோண்டுவதில்லை, இடித்த உடனே எங்கள் பக்கச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுப் பூசி ஐப்பசிக்குள் முடித்துத் தருவது, எங்கள் சட்டத்தின் வடக்கு முனையைத் தாங்கும் சுவர்த்தலைப்பைத் தொடுவதில்லை என்று மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். தகட்டுக்கான முன்பணத்தை, அவர் வீட்டு இடிப்பு முடிந்து சுவரின் நிலையைப் பொறியாளர் பார்த்த பிறகு கொடுப்பதாக வைத்திருக்கிறேன்.