எவரெஸ்ட் பேஸ் கேம்ப்: ராத்திரி எங்கே படுக்கிறீர்கள்?

டிரெக்கிங் கம்பெனிக்காரர் அனுப்பும் பயணத் திட்டத்தில் கிலோமீட்டர் கணக்கை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கிறோம் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வேகமாக உயரம் ஏறினால் வரும் உயர நோயைத் தவிர்க்க, 3,000 மீட்டருக்கு மேல் போனபின், நேற்றுப் படுத்த இடத்தைவிட இன்று படுக்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இன்னொரு ராத்திரி தங்க வேண்டும். பகலில் கூடுதலாக ஏறினாலும் தவறில்லை, இறங்கி வந்து படுத்தால் சரி.

நடை தொடங்கும் லுக்லா விமான நிலையம் 2,845 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயரமான தொட்டபெட்டாவே 2,637தான். முதல் நாள் பாக்டிங்குக்கு (2,610) இறங்கிப் போவதால் உடம்பு ஒன்றும் சொல்லாது. சிக்கல் மறுநாள். பாக்டிங்கிலிருந்து நாம்சே பஜார் (3,440) ஒரே நாளில் 830 மீட்டர். ஹிலாரி பாலத்தைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். அநேகமானவர்களுக்கு முதல் தலைவலி வருவது இங்கேதான். கால் தாங்கினால் முதல் நாளே பாக்டிங்கைத் தாண்டி மோஞ்சோ (2,835) வரை போய்த் தங்குங்கள். மறுநாள் ஏற்றம் 600 சொச்சமாகக் குறையும். முழுதாகச் சரியாகாது, அதனால்தான் நாம்சேயில் இரண்டு ராத்திரி. நடு நாளில் அறையில் சுருண்டு கிடக்காமல் 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டல்வரை ஏறிவிட்டு இறங்க வேண்டும்.

அடுத்து தெங்போச்சே (3,860). வரைபடத்தில் 420 மீட்டர்தான் கூடுதல். ஆனால் வழி தூத்கோசி ஆற்றங்கரையில் புங்கி தெங்காவரை இறங்கி, அங்கிருந்து 600 மீட்டர் திரும்ப ஏறுகிறது. பிறகு திங்போச்சே (4,410). ஏற்றம் 500-ஐச் சற்றுத் தாண்டுவதால் இங்கே மறுபடி இரண்டு ராத்திரி. அதன்பின் லோபுச்சே (4,940, இதுவும் 500-ஐச் சற்றுத் தாண்டும்), கோரக்‌ஷெப் (5,164). 'எட்டே நாளில் போய்த் திரும்பலாம்' என்று வரும் திட்டங்களில் வெட்டப்படுவது அநேகமாக இந்த ஓய்வு நாட்கள்தான். லுக்லாவிலிருந்து லுக்லாவுக்குப் பதினொன்று, பன்னிரண்டு நாளுக்குக் குறைந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தலைவலியோடு பசியின்மை, குமட்டல், அசதி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது உயர நோய்தான். 'வெயில் பட்டது, நேற்றுத் தூக்கமில்லை' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே ஏறுவதுதான் பெரிய தப்பு. அதே இடத்தில் தங்குங்கள். ஒரு நாளில் குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் இறங்குங்கள்.

உயர நோய் முற்றினால் வரும் மூளை வீக்கத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தரையில் நேர்கோடாக, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல் நுனியைத் தொடும்படி பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சுக் குழறினால், ஷூ லேஸைக் கட்டத் தெரியாமல் விழித்தால், ராத்திரி இரண்டு மணியானாலும் டார்ச் அடித்துக்கொண்டு இறக்க வேண்டும். தனியாக அனுப்பக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் நுரை வருவது என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. அதற்கும் இதே அவசரம். சீசனில் திங்போச்சேக்குப் பக்கத்து ஊரான பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவர்கள் இருப்பார்கள்.

உயர நோய்க்கான மாத்திரையான டயமாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. தடுப்புக்காக வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் ருசி கெட்டிருக்கும். இதெல்லாம் எதிர்பார்த்ததே. இந்த மாத்திரை நோயை மூடி மறைக்காது, உடம்பு பழகுவதை வேகப்படுத்தும், அவ்வளவுதான். மறைப்பது தூக்க மாத்திரையும் சாராயமும். தூங்கும்போது சில நொடி மூச்சு நின்று, பெருமூச்சாகத் திரும்பி வருவதைப் பார்த்துப் பக்கத்துப் படுக்கைக்காரர் பயந்துபோவார். அந்த உயரத்தில் அது சகஜம்.

தண்ணீர் நாளுக்கு மூன்று, நான்கு லிட்டர். ஃபில்டர் கொண்டுபோகிறவர்கள் கோட்டைவிடுவது ஒரு இடத்தில்: நுண்குழாய் ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளே வெடித்துவிடும், வெளியே தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும். திங்போச்சேக்கு மேல் ராத்திரி அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். போனும் பவர் பேங்கும் அங்கேதான். குளோரின் மாத்திரை குளிர்ந்த நீரில் மெதுவாக வேலை செய்யும். அட்டையில் போட்டிருப்பதைவிடக் கூடுதல் நேரம் விடுங்கள். பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேற்பக்கம்தான் முதலில் பிடிக்கும். மூடி கீழே இருந்தால் காலையில் திறக்கலாம்.

சாப்பாட்டுக்கு தால் பாத் (பருப்பும் சோறும்). கேட்டால் மறுபடி பரிமாறுவார்கள், அன்றன்றைக்குச் சமைத்தது. கும்புவில் (இந்த எவரெஸ்ட் வட்டாரத்தில்) உயிர்க்கொலை கிடையாது. இறைச்சி கீழேயிருந்து நாள்கணக்கில் சுமந்து வருவது. நாம்சேக்கு மேல் கோழிக்கு ஆசைப்பட வேண்டாம்.

யாக் கூட்டம் எதிரே வந்தால் எப்போதும் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றவர்களை மூட்டை இடித்துத் தள்ளியது உண்டு. தொங்குபாலத்தில் அவை ஏறியிருந்தால் நீங்கள் ஏறவே கூடாது.

பேஸ் கேம்பிலிருந்து (5,364) எவரெஸ்ட் உச்சி தெரியாது. மேற்குத் தோள் மறைத்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஏறுபவர்களின் கூடாரங்கள் இருக்கும். அக்டோபரில் போனால் பாறையும் கும்பு பனியருவியும்தான். அங்கே தங்கும் விடுதி கிடையாது. பார்த்துவிட்டு கோரக்‌ஷெப் திரும்ப வேண்டும். உச்சியைப் பார்க்க காலாபத்தர் (சுமார் 5,550) ஏற வேண்டும். எல்லோரும் விடியற்காலையில்தான் ஏறுகிறார்கள். ஆனால் சூரியன் எவரெஸ்டுக்குப் பின்னாலிருந்து வருவதால் படத்தில் மலை கறுப்பாக விழும். சாயங்கால வெயில்தான் மலை முகத்தில் அடிக்கும். மேகம் கவியாத நாளாக இருந்து, உடம்பில் தெம்பும் இருந்தால் முந்தின மாலையே ஏறுங்கள், டார்ச் மறக்காமல்.

லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் சரிவு. மேகம் இறங்கினால் விமானம் இல்லை. சீசனில் பெரும்பாலான விமானங்கள் காத்மாண்டுவுக்குப் பதில் ராமேச்சாப்பிலிருந்து கிளம்புகின்றன. அதைப் பிடிக்க நடுராத்திரியே வேனில் ஏறி நான்கைந்து மணி நேரம் போக வேண்டும். சாமான் கையிலிருப்பதையும் சேர்த்து 15 கிலோ. காப்பீட்டில் '6,000 மீட்டர்வரை ஹெலிகாப்டர் மீட்பு' என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். காத்மாண்டுவிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட்டை, லுக்லா விமானம் போடப்பட்ட தேதிக்குக் குறைந்தது இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.